நேற்று எங்கே பிடித்தாய்?

ஏரியில் பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போக, இங்கிலீஷ் பேசத் தெரிந்த படகோட்டி தேவை என்று பழவேற்காட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வேலை நண்டு பிடிக்கிற தன் புருஷன் ராஜவேலுவுக்குத்தான் என்று சரோஜா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். வகுப்பிலிருந்து காதில் விழும் இங்கிலீஷெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஒரு மாதம் அவனைப் படுத்தி எடுத்தாள். பிடிப்பது 'கேட்ச்', நேற்றே பிடித்திருந்தால் 'காட்'. அவனோ காகிதத்தில் இருந்த எழுத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் சேர்த்து 'காக்ட்' என்று கரகரத்தான்.

"நடுவுல கீற ஜி, ஹெச் ரெண்டு எழுத்தும் படகுல சும்மா குந்தினு வர்ற ஆளுங்க. வலை இழுக்கச் சொல்லாதே."

"அப்போ இன்னாத்துக்கு ஏத்தினாங்க?"

'காட்' என்று அவனை மறுபடி பத்துத் தடவை சொல்லவைத்தாள்.

நேர்காணலுக்கு, அதே ஏரியில் நண்டு பிடிக்கிற தோணிரேவு ஊர்க்காரன் தசரதனும் வந்திருந்தான். அதிகாரி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, நேற்று எங்கே, என்ன பிடித்தாய் என்று ராஜவேலுவை இங்கிலீஷில் கேட்டார். பதில் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் போட்டிக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எவன் இடத்தைச் சொல்வான்? வாயை இறுக மூடிக்கொண்டான். அதிகாரி தசரதன் பக்கம் திரும்பினார்.

"நத்திங் சார். ஐ காட் நத்திங்," என்றான் தசரதன், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

இந்தப் புளுகை ராஜவேலுவால் தாங்க முடியவில்லை. "நோ சார். ஹி காட் தர்ட்டி கிலோ கிராப்ஸ். ஐ ஸா."

நீ எங்கிருந்து பார்த்தாய் என்றார் அதிகாரி. கோபம் முந்திக்கொண்டது.

"பிஹைண்ட் தி ப்ரோக்கன் போஸ்ட் சார்."

உடைந்த கம்பத்துக்குப் பின்னால். எட்டு வருஷமாக அவன் சரோஜாவிடம்கூடச் சொல்லாத நண்டு இடம். அதிகாரி சிரித்துவிட்டு, இந்த இங்கிலீஷ் போதும், வேலை உனக்குத்தான் என்றார். தசரதன் எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினான்.

"ரொம்ப நன்றிண்ணே," என்றான்.

முதல் சவாரியில் வெளிநாட்டுப் பெண்மணி ஒருத்தி, உடைந்த கம்பத்துக்குப் பின்னால் வலை இழுத்துக்கொண்டிருந்த தசரதனைக் காட்டி, அவர் என்ன பிடித்தார் என்று கேட்டாள். அவன் படகில் நண்டு குவிந்து கிடந்தது. ராஜவேலு உள்ளதைச் சொல்ல வாயெடுத்தான். ஆனால் பக்கத்திலேயே பசியாவரம் ஊர் மீனவர்களின் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கும் தெரிந்துவிட்டால், லீவு நாளில் தான் வலை போட்டால் ஒரு நண்டுகூட மிஞ்சாது.

"நத்திங் மேடம்," என்றான், பசியாவரத்துக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி. "ஹி காட் நத்திங்."

தசரதன் நண்டுகளின் மேல் கோணியை இழுத்துப் போட்டுவிட்டு, அவனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.