திரும்பி வரும் திகதி

...இன்னும் நடுக்கோட்டில்தான் நிற்கின்றன, பதினாறு நிறமூர்த்தங்களும், குரோமோசோம்கள் என்பார்களே அவைதான், ஒன்றுகூட அசையவில்லை, அசைந்தால் வைத்துவிடலாம், கையெழுத்து என்ன பெரிய காரியமா, ஒரு இழுப்பு, ஒரு சுழிப்பு... அருந்ததி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினாள், கரண்ட் போய் நாலு வருடம், இந்த ஆய்வுகூடத்துக்கு வெயில்தான் விளக்கு, முகில் மூடினால் வகுப்பு முடிந்தது. சந்தையில் வாங்கிய வெங்காயத்தின் வேர்நுனி, அதில் பிரிந்துகொண்டிருக்கும் உயிர்க்கலம் ஒன்றைப் பின்னேரம் மாணவர்களுக்குக் காட்டவேண்டும், அதற்குத்தானே காலையிலிருந்து தேடுகிறாள், அதற்குத்தானா? சாயப் போத்தலுக்குக் கீழே அந்தப் படிவம் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக, ஊரை ஆளும் இயக்கம் கொடுக்கும் பாஸுக்கு ஒரு ஆள் பிணை நிற்கவேண்டும், போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது, பன்னிரண்டு மணிக்குப் பாஸ் கந்தோரைப் பூட்டிவிடுவார்கள், போகப்போவது தங்கச்சி மீனாம்பிகை, பிணை நிற்க வீட்டில் மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான்.

மீனா திரும்பி வரமாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும், படிவத்தில் மருத்துவம், ஒரு மாதம் என்றுதான் எழுதவேண்டும், ஆனால் கொழும்பில் மாமா வீடு, அங்கிருந்து கனடா, பிறகெங்கே யாழ்ப்பாணம்... பொம்மர் பக்கத்து வளவில் குண்டு போட்ட நாளிலிருந்து அவள் பங்கருக்குள்ளேதான் சாப்பிடுகிறாள், பங்கருக்குள்ளேதான் சீப்பெடுத்துத் தலை இழுக்கிறாள், அவளைப் பிடித்து வைத்திருப்பது பாவம், மகா பாவம், சரி, மேசை லாச்சிக்குள் கிடக்கிற கடிதத்தை என்ன செய்வது? மூன்று கிழமையாகக் கிடக்கிறது, ஸ்கொட்லாந்தில் ஆய்வு செய்ய இடம், தை மாதம் வந்து சேரவேண்டும், மீனாவுக்குக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் அவள் போகமாட்டாள் என்றா, சொல்லாமல் இருந்தால்தான் பிறகு அவளைக் குறை சொல்லலாம் என்றா? ஆய்வும் எதைப் பற்றி, பொசுபேற்றேசு என்ற நொதியத்தைப் பற்றி, வகுப்பில் எவ்வளவு இலகுவாகச் சொல்வாள், பிள்ளைகள், கலம் பிரிவதற்கு எல்லாம் ஆயத்தமாக இருக்கும், பிரிவைத் தொடக்கும் புரதமும் நிறையச் சேர்ந்திருக்கும், ஆனால் அதன்மேல் ஒரு பொசுபேற்று ஒட்டியிருக்கும், அது ஒட்டியிருக்கும்வரை கலம் நின்ற இடத்திலேயே நிற்கும், இந்த நொதியம் வந்து ஒட்டியதைக் கழற்றிவிடும், தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை, கழற்றுவது மட்டும்தான்... அதற்குப் பிறகும் பாருங்கள், இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் கதிர்நார் பிடிக்காத நிறமூர்த்தம் ஒன்றே ஒன்று இருந்தால்கூட மற்றதெல்லாம் அதற்காகக் காத்து நிற்கும். அந்த ஒன்று ஏன் பிடிகொடுக்கவில்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, கேட்டால் என்ன சொல்லியிருப்பாள்?

வாசலில் செருப்புச் சத்தம், மீனா. “அக்கா, கையெழுத்து வைச்சிட்டியளோ?”

“பொறு, இதை ஒருக்காப் பாத்திட்டு...”

“உதைப் பிறகு பாருங்கோவன். பதினொண்டரை ஆகுது. நீங்களே எல்லாத்தையும் நிரப்பிவிடுங்கோ, உங்கட எழுத்துத்தான் வடிவு.”

அருந்ததி மறுபடி கண்ணாடிக்குள் குனிந்தாள், பதினாறும் அதே இடத்தில், அப்போதுதான் பொறி தட்டியது, விடியற்காலை இந்த வேரை வெட்டி அமிலத்தில் போட்டது யார், அவளேதான், அந்தக் கணமே செத்த கலம் இது, மாணவர்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாள், இதுவா அசையப்போகிறது, செத்ததைப் பார்த்துக்கொண்டா இவ்வளவு நேரமும் இருந்தாள்... வெட்கம் பிடுங்கித் தின்ன, படிவத்தை இழுத்து மளமளவென்று எழுதினாள், பயணம் செய்பவர் பெயர், வடிவான எழுத்து, எழுதி முடித்துப் பார்த்தால் அருந்ததி. வேறு படிவம் இல்லை, இதை எடுக்கவே மீனா இரண்டு நாள் வரிசையில் நின்றாள். வேர் வெட்டிய பிளேட் பக்கத்தில் கிடந்தது, அதை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டினாள், அ, ரு, ந்... சுரண்டச் சுரண்டக் கடதாசி மெலிந்தது, தன் பெயரைத் தானே இப்படிக் கழற்றுவது ஏன் இவ்வளவு நோகிறது? அந்த இடத்தில் மீனாம்பிகை என்று எழுதினாள், திரும்பி வரும் திகதி என்ற இடத்தில் ஒரு மாதம் தள்ளி ஒரு திகதி, கீழே கையெழுத்து.

மை காயட்டும் என்று மீனா படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், பிடித்தபடியே நின்றாள், மை காய இவ்வளவு நேரமா, பிறகு நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகினாள், வாசலில் ஒரு கணம் நின்று, திரும்பிப் பாராமல்,

“போறன் அக்கா.”

போட்டு வாறன், போய்த் திரும்பி வருவேன், என்றல்லவா சொல்வார்கள், சந்திக்கடைக்குப் போனாலும் அப்படித்தானே, போறன் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லையே... பதற்றத்தில் வாய் தவறியதா, சுரண்டிய பெயரை வாசித்துவிட்டாளா? கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம், அம்மா இருந்தால் திருத்தியிருப்பாள், அருந்ததி ஓம் என்று மட்டும் சொன்னாள், செருப்புச் சத்தம் படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது, அந்த வாறன் என்ற ஒரு சொல்லுக்குத்தான், அது பொய்யென்று தெரிந்தும் அதற்குத்தான், அவள் பிணை நின்றிருக்கிறாள்...