மூன்றாவது மனு

பெரிய வெள்ளிக்குப் பாடுகிற அதே குரலில் சந்தியோகு மனுவை வாசித்தார். "கடலன்னையின் மடியில் கண்ணீரும் உப்பாய் உறைந்துபோன அபலைப் பெண்களாகிய நாங்கள்..." வாசற்படியில் குந்தியிருந்து விரலிடுக்கில் ஒட்டிய மீன் செதிலைப் பிய்த்துக்கொண்டிருந்த மேரி ரோஸ் நிமிரவில்லை.

பேசாலையில் தபசு காலத்தில் ஒப்பாரியாய்ப் பிரலாபம் பாட அவள் புருசனை விட்டால் ஆளில்லை. கரைவலை இழுக்கிற மனுசன்தான். ஆனால் பேனையை எடுத்தால் யாரையாவது அழவைக்காமல் கீழே வைக்கமாட்டார். கருவாட்டு வாடியில் மீன் வெட்டிக் காயப்போடுகிற பதினாலு பெண்களுக்கு ஒரு மலசலகூடம் கேட்டு ஏற்கெனவே இரண்டு மனு எழுதிக் கொடுத்திருந்தார். முதலாவதற்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்குப் பிரதேச சபைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது: தங்கள் ஆழ்ந்த துயரில் நாமும் பங்குகொள்கிறோம். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது. மலசலகூடம் என்று எழுதக் கூச்சப்பட்டு, 'பெண்மையின் மானம் காக்கும் சிறு நிழல்' என்றுதான் இரண்டரைப் பக்கமும் எழுதியிருந்தார்.

நாளைக்குச் சபைத் தவிசாளரே வாடிப் பக்கம் வருகிறார். இதைத் தவறவிட்டால் இனி அடுத்த வருசந்தான். மேரி ரோசுக்கோ மாசத்தில் இரண்டு தரம் சலக்கடுப்பு. வெயிற்சூடு என்று நம்பி, சந்தியோகு பார்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடியப்பா இருக்கு?" வாசித்து முடித்துவிட்டு மனுசியிடம் கேட்டார்.

"அழுகை வருது. என்ன கேக்கிறியள் எண்டுதான் விளங்கேல்லை."

"மனுவெண்டா நெஞ்சைத் தொடவேணும்."

"தவிசாளற்றை நெஞ்சு எங்களுக்கு என்னத்துக்கு? கக்கூசுதானே கேக்கிறம். நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ."

முகம் சுருங்கினாலும் புதுத் தாள் எடுத்தார்.

"விடிய ஆறு மணிக்கு வாடிக்குப் போறம். பின்னேரம் நாலு மணிக்கு வாறம். அங்கை கக்கூசு இல்லை."

"முன்னுக்கு ஒரு 'ஐயகோ' போடட்டே?"

"வேண்டாம். அதாலை பதினாலு பேரும் பகல் முழுக்கத் தண்ணி குடிக்கிறேல்லை."

பேனை நின்றது.

"ஏன் குடிக்கிறேல்லை?"

"குடிச்சா எங்கை போறது? வெட்டவெளிக் கரை."

"அப்ப நான் தந்துவிடுற தேத்தண்ணி?"

பதினொரு வருசமாக விடியவே எழும்பி, இஞ்சி தட்டிப் போட்டு, பிளாஸ்கை நிரப்பி அவள் கூடையில் வைக்கிறவர். பின்னேரம் வெறும் பிளாஸ்கைக் கழுவும்போது அவர் முகத்தில் தெரிகிற திருப்தியைக் கெடுக்க அவளுக்கு ஒருநாளும் மனம் வரவில்லை.

"வாடிக்குப் பக்கத்திலை நிக்கிற பூவரசுக்கு ஊத்துறனான்," என்றாள். "ஆறவிட்டுத்தான். நல்லா வளந்திட்டுது."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதினார். நாலு வரி. கீழே பதினாலு கையெழுத்துக்கு இடம் விட்டபோது தாளில் பாதி வெறுமையாகவே கிடந்தது.

மறுநாள் விடிய அவள் குசினிக்குள் வந்தபோது தேத்தண்ணி கொதித்திருந்தது. பிளாஸ்கின் மூடியைக் கையில் பிடித்தபடி, ஊற்றுவதா விடுவதா என்று தெரியாமல் சந்தியோகு நின்றார்.

"நிரப்புங்கோ," என்றாள் மேரி ரோஸ். "தவிசாளருக்கு ரெண்டு கோப்பை ஊத்திக் குடுத்துக் கதை குடுத்து இருத்தி வைக்கிறன். எங்கை போறதெண்டு அவரே எங்களைக் கேக்கட்டும்."

சந்தியோகு இன்னொரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டு, வாய் வழிந்து கையில் சுடும்வரை ஊற்றினார்.