ஒற்றைத் தாள்

யோயோகியில் இருந்த பாட்டுப் பதிவுக் கூடத்தில் குரலையும் வாத்தியங்களையும் கலந்து பாட்டாக்கும் முனேதாவுக்கென்று ஒரு நாற்காலி. அதற்கு நேர் எதிரே, வெள்ளைக் கூம்பு வைத்த பழைய கறுப்பு ஸ்பீக்கர் இரண்டு. கீச்சென்ற மேல்சத்தம் வரும் சின்ன வாய் ரொம்பவே கத்தும். அதை அடக்க அதன்மேல் டிஷ்யூ தாள் தொங்கவிடுவது அந்தத் தொழிலில் பலருக்கும் வழக்கம். முனேதா அதில் கறார்க்காரர். இரண்டடுக்குத் தாளைப் பிரித்து, ஒற்றை அடுக்கை மட்டும் தன் கையாலேயே ஒட்டுவார்.

வசந்தத்தில் புது ஸ்பீக்கர் வந்தது. அறைக்குத் தக்கபடி தானே சரிசெய்துகொள்ளும் ரகம். முதலாளி இவாபுச்சி அதை, அதே வேலை பார்க்கும் இளையவன் ஹதானோவிடம் கொடுத்தார். இனி இரண்டு பேர் தேவையில்லை, நாற்காலி ஒன்று போதும் என்று கூடத்தில் பேச்சு கிளம்பியது. எதை விட்டாலும் அந்த நாற்காலியை விடமாட்டேன் என்று முனேதா வைராக்கியமாக இருந்தார்.

"முனேதா சான், நீங்க டீ குடிங்க. தாளை நான் மாத்தி ஒட்டுறேன்," என்றான் ஹதானோ ஒருநாள். முனேதாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அது அவன் வேலையானது.

இலையுதிர் காலத்தில், முனேதா கலந்து முடித்த பாட்டை இசைக் கம்பெனி ஆட்கள் முன்னால் புது ஸ்பீக்கரில் போட்டார்கள். தகரத்தில் ஆணி கீறுவதுபோல் இருந்தது. பாடிய பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நாய்ங்க கேக்கறதுக்கா பண்ணீங்க?" என்றான் ஹதானோ. எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா," என்றார் இவாபுச்சி. "வயசாச்சுல்ல. காது தேயத்தானே செய்யும்."

முனேதா இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். பழைய ஸ்பீக்கரைப் பரிசாக எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி.

வயரைக் கழற்றும்போது தாள் கையில் பட்டது. தடித்திருந்தது. பிரித்தார். அடுக்கு, அதற்குள் அடுக்கு, இன்னும் அடுக்கு. அமுங்கிப்போன மேல்சத்தத்தை ஈடுகட்ட, பாட்டில் அதை மாசக்கணக்கில் தானே ஏற்றி ஏற்றி வைத்திருப்பது அப்போதுதான் உறைத்தது.

தாளோடு முதலாளி அறைக்கு ஓடினார். இவாபுச்சி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முதலாளி, என் காது நல்லாத்தான் இருக்கு! இதைப் பாருங்க!"

"தெரியும். கொஞ்சம் கொஞ்சமா ஒட்டச் சொன்னதே நான்தான்."

"ஏன்?"

"போன்னு சொன்னா போயிருப்பியா? நானா அனுப்பினா சட்டம் பேசுவாங்க. நீயா எழுதிக் குடுத்தா தலைவலி இல்ல." ஒரு வாய் உறிஞ்சினார். "அதுவும் உன் கண்ணு முன்னாடிதானே தொங்குச்சு? ஒருநாள் தொட்டுப் பாத்தியா நீ?"

முனேதா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது."

பழக்கதோஷம், குனிந்து நன்றி சொன்னார். சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். உள்ளே நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் கேட்டது. கூடத்தின் அந்தக் கோடியில், அவருடைய நாற்காலியை யாரோ தன் உயரத்துக்கு இறக்கிக்கொள்ளும் மெல்லிய காற்றுச் சத்தமும் கேட்டது. அவர் காதிலிருந்து ஒன்றும் தப்பவில்லை.