சிவப்புக் கோடு போட்ட போல்ட்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் கார் பட்டறைக்குள் வருவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் வந்துவிட்டது. வாசல் மேட்டில் ஏறி இறங்கியபோது முன்சக்கரத்துப் பக்கம் கிறீ...ச் என்று ஓர் அலறல். எலியை மிதித்தால்கூட அவ்வளவு ராகமாகக் கத்தாது.

"கேட்டீங்களா?" என்று இறங்கினார் மாஸ்டர். "ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் இதே பாட்டுதான். நேத்து வண்டி பழகுற ஒரு அம்மா, எதையோ ஏத்திட்டோம்னு நெனச்சு ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கண்ணைப் பொத்திக்கிட்டாங்க."

பட்டறை அண்ணனுடையது. அந்தக் காரில் செய்த வேலை தங்கையுடையது. கற்றுக்கொள்பவர்கள் நாள் முழுக்க நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கினால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளின் மூட்டில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ரப்பர் புஷ் பாவம் எத்தனை நாள் தாங்கும்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிழிந்தது. அதனால் மூன்று வாரத்துக்கு முன்னால் ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் பிளாஸ்டிக் புஷ் வாங்கி மாட்டியது அவள்தான். அண்ணனுக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை.

"நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், சார்" என்றான் இப்போது. "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் பழையபடி ரப்பரே மாட்டிக் குடுத்துடறோம்." பிறகு தங்கையைப் பார்த்தான். "நீ நாளையிலேர்ந்து முன்னாடி மேசையில உக்காந்து போனை எடு. ஸ்பானர் பிடிச்சது போதும்."

அந்த மேசையில் நான்கு வருடம் உட்கார்ந்தவள் அவள். 'ஐயா இல்லீங்க, வந்ததும் சொல்றேன்' என்பதைச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்து, சண்டை போட்டு, அழுது, ஒருவழியாகக் காருக்கு அடியில் இடம் பிடித்தவள். திரும்ப அங்கே போவதா? அதற்கு இந்தக் காருக்கு அடியிலேயே படுத்துச் செத்துப் போகலாம் என்று இருந்தது அவளுக்கு.

"கழட்டலாம்" என்றாள். "ஆனா நான்தான் கழட்டுவேன். சார் பக்கத்துல நின்னு பாக்கணும்."

லிஃப்டில் கார் உயர்ந்தது. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து அருகிலுள்ள இரும்பு வரைக்கும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பாள். நகத்துக்கு ஒரு சொட்டு வைத்ததில்லை. பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்ததெல்லாம் போல்ட்டுக்குத்தான். கோடு நேராக இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

கோடு நேராக இல்லை. பாதி போல்ட்டோடு திரும்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணனுக்கும் ஒரு பழக்கம் உண்டு. தங்கை முறுக்கிய போல்ட்டை மட்டும், அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, இன்னொரு தரம் முறுக்கிப் பார்ப்பான். தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போது அவள் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

போல்ட்டை உருவினாள். புஷ்ஷுக்குள் இருந்த இரும்புக் குழாயை வெளியே தள்ளி விரலை விட்டாள். உள்ளே முக்கால்வாசி காய்ந்து கிடந்தது. விளிம்பில் மட்டும் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அந்த விரலை மாஸ்டரிடம் நீட்டினாள்.

"ரப்பர் தானா முறுக்கிக்கிட்டு வளைஞ்சு குடுக்கும், சார். இது அப்படியில்ல, இந்தக் குழாயைச் சுத்தித் திரும்பணும். அதுக்குன்னே வர்ற சிலிக்கோன் கிரீஸை நான் போட்டேன். வெள்ளையா, பிசின் மாதிரி இருக்கும், தண்ணிக்கு அசையாது. இது மஞ்சள். நம்ம வீல் பேரிங் கிரீஸ். ரெண்டு மழைக்கே கழுவிட்டுப் போயிருச்சு."

"அப்ப யாரு மாத்தினது?" என்றார் மாஸ்டர்.

மஞ்சள் டப்பா அண்ணனின் அலமாரியில்தான் இருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"திறந்து பாத்தேன். பசை மாதிரி பிசுபிசுன்னு இருந்துச்சு" என்று இழுத்தான். "நீ தெரியாம எதையோ அப்பிட்டேன்னு துடைச்சுட்டு... நல்லதுக்குதாம்மா செஞ்சேன்."

"துடைக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா? சரி, விடு. செஞ்சது நீன்னு தெரிஞ்சும் இப்ப பழியைத் தூக்கி என் தலையில கட்டினியே, அதுவும் நல்லதுக்கா?"

அவன் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எட்டுப் புஷ்ஷையும் கழற்றினாள். மஞ்சளைச் சுத்தமாக வழித்தாள். துளைக்குள், குழாயைச் சுற்றி, இரண்டு பக்கத்து முகங்களிலும் என்று வெள்ளைக் கிரீஸை வஞ்சனையில்லாமல் பூசி மாட்டினாள். ரப்பரைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. கடைசியில் எல்லா போல்ட்டுக்கும் புதுக் கோடு போட்டாள், அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

மாஸ்டர் வாசல் மேட்டில் ஏறி இறங்கினார். சத்தமில்லை. நம்பாமல் பின்னால் வந்து மறுபடி ஏறினார். நான்காவது தரம் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். "இனிமே என் வண்டியை இந்தப் பொண்ணைத் தவிர யாரும் தொடக்கூடாது" என்று அண்ணனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

முன் அறையில் போன் அடித்தது. பழக்கதோஷம், அண்ணனின் கண் தங்கை பக்கம் போனது.

"போன் அடிக்குது" என்றான்.

அவள் மணிக்கட்டு வரை வெள்ளையாயிருந்த இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"கையெல்லாம் கிரீஸுண்ணா. நீயே போய் எடு."

போன் இன்னும் இரண்டு தரம் அடித்தது. அப்புறம் அண்ணன் போனான்.