வேறு குடியுரிமை: இல்லை

விசா படிவத்தில் 'வேறு நாட்டுக் குடியுரிமை' என்று கேட்டிருந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பதினாறு வருடம் மாஸ்கோவில் லாரி ஓட்டி வாங்கிய ரஷ்யப் பாஸ்போர்ட், எங்கள் ஊர் துஷான்பேயில், வீட்டு அலமாரியில் துணிக்கடியில் கிடந்தது. ரஷ்யா போர் நடத்தும் இந்த நேரத்தில் அதைக் காட்டினால் ஐரோப்பாக்காரன் கதவைச் சாத்திவிடுவான் என்று தேநீர்க்கடையில் எவனோ சொன்னான். முறையாக விசாரித்திருக்கலாம். என் மூளைக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை.

ஐரோப்பாவில், லைப்சிக் நகரத்தில் என் தங்கை நிகினாவுக்கு முதல் பிரசவம். கணவன் விட்டுப்போய் நாலு மாதம். அம்மா போயே ஆக வேண்டும். அம்மாவுக்குத் தனியாக விமானம் ஏறத் தெரியாது, செலவுக்கும் நான்தான் பொறுப்பு. அதனால் இரண்டு விண்ணப்பங்களையும் சேர்த்தே கொடுத்தோம்.

பாஸ்போர்ட்டை மறைத்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. பெற்றவளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

விசா அலுவலகக் கவுண்டரில் இருந்தது எங்கள் ஊர்ப் பெண்தான். "அண்ணா, வேற பாஸ்போர்ட் ஏதும் இருக்கா?"

"இல்லம்மா."

அம்மா என் விலாவில் இடித்தாள். "ஏன்டா இல்லேங்கிற? ரஷ்யாக்காரன் குடுத்தானே! அது வந்தன்னிக்குத் தெருவுக்கே ஓஷ் சோறு ஆக்கிப் போட்டேன் பொண்ணே. எங்க குர்ஷித் ரெண்டு நாட்டுக்காரன்!"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "எழுதினத மாத்திக்கிறீங்களாண்ணா? இப்பவும் மாத்தலாம்" என்றாள்.

மாற்றியிருக்கலாம். சிரித்தவர்கள் முன்னால் பொய்யனாக நிற்க என் வீம்பு விடவில்லை.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு. எதையோ உளர்றாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையாட்டி, "ஆமா பொண்ணே, எனக்கு ஞாபகமே நிக்கறதில்ல" என்றாள். அப்போதும் நான் பேனாவைக் கேட்டு வாங்கவில்லை.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. உடன் செல்லும் மகன் தன் இன்னொரு குடியுரிமையை மறைத்தார், ஆகையால் இருவருக்கும் விசா இல்லை.

"என்னடா எழுதியிருக்கான்?"

"காரணமெல்லாம் எழுதலம்மா."

அதற்குமேல் அம்மா கேட்கவில்லை. நிகினாவைப் போனில் கூப்பிட்டாள்.

"கிடைக்கலடி. அண்ணன் எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணினான். நான்தான் நடுவுல பூந்து கெடுத்துட்டேன்."

நிகினா அழுதுகொண்டே கத்தியது என் காதுவரை கேட்டது. "உன்ன யாரும்மா வாயத் திறக்கச் சொன்னது? இங்க நான் தனியா கெடந்து சாகறேன்!"

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் கிசுகிசுத்தாள்:

"உன்கிட்ட குடுக்கச் சொல்றா. நீ வெளிய போயிடு ராசா. நான் பாத்துக்கறேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.