அணைத்த பின்னும் கேட்ட தட்டல்

லைல் ஹாகன் என்பது அவர் பெயர். தெற்கு டக்கோட்டாவின் மர்டோ ஊரினர். முப்பத்தோராண்டுகளாக மாட்டு லாரி ஓட்டுபவர். ஓட்டும்போது சூரியகாந்தி விதையைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பியபடி, வானொலியில் மாட்டு விலையை மட்டும் கேட்பார். மாடு ஏற்றிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் வண்டியை நிறுத்தி, இறங்கி, விளக்கடித்து, மாடுகள் நிற்கும் தடுப்பறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவார். நெரிசலில் ஒரு மாடு கால் மடங்கி விழுந்தால் மற்றவை அதை மிதித்தே கொன்றுவிடும் என்பதை அத்தொழிலில் எவரும் மறப்பதில்லை.

அன்றிரவு அவர் அவ்வழக்கத்தை விட்டுவிட்டார். பண்ணையில் மாடுகளை ஏற்றவே வெகுநேரமாகிவிட்டது. விடியற்காலை கேன்சஸ் சந்தையில் எடை போட்டாக வேண்டும்.

வாலண்டைன் ஊரைக் கடந்ததும் கைபேசி ஒலித்தது. லாரிகளை அனுப்பிவைக்கும் அலுவலகத்து டோரீன் பேசினாள்.

“எங்கய்யா இருக்கே? மாட்டுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டே ஓட்டுறியா?”

“வாலண்டைன் தாண்டியாச்சு, தாயே. நீ தூங்கவே மாட்டியா?”

“உன்னை மாதிரி பத்துப் பேரை மேய்க்கிறவளுக்குத் தூக்கம் ஒரு கேடா? இங்க பாரு லைல், ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டு. இன்னிக்கும் லேட்டானா ரூட்டை ராஸ்கோவுக்குக் குடுத்துடுவேன்னு முதலாளி சொல்லிட்டாரு. அப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்காதே.”

“அந்தப் பய ரிவர்ஸ் எடுத்தாலே வேலி சாயுமே!”

“வேலி சாஞ்சாலும் நேரத்துக்கு வந்துடுறானே!”

அதற்கப்பால் மணற்குன்றுகளும் வேலிக்கம்பங்களுமே இருந்தன. உறக்கம் வராதிருக்க வானொலியைத் திருகினார். இரவில் எங்கெங்கோ உள்ள நிலையங்கள் அங்கு வந்து சேரும். தண்டவாளமே இல்லாத ஊரில் இரு சகோதரிகள் ரயிலுக்குக் காத்திருக்கும் நாடகம் ஒன்று கேட்டது. ரயில் வருமுன் இரைச்சலில் கரைந்தது. அதே அலைவரிசையில் வேறொரு நாடகம் எழுந்தது. கலங்கரை விளக்கக் காவலன் ஒருவன். அவன் அறையின் தரைக்கடியில் ஏதோ தட்டுகிறது.

“அலைதான்,” என்றான் காவலன். மீண்டும் தட்டியது. “அலைன்னு சொல்றேன்ல!”

லைலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “போய்ப் பாத்துத் தொலையேண்டா, மடையா!” என்று வானொலியைத் திட்டினார். காவலனோ தேநீர் போடப் போனான். தட்டல் வலுத்தது. எரிச்சலுடன் வானொலியை அணைத்தார்.

தட்டல் நிற்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தகட்டில் குளம்பு மோதும் ஓசை, பின்னால் ஒரே இடத்திலிருந்து, விட்டுவிட்டு வந்தது. நிற்கும் மாடு அவ்வாறு உதைப்பதில்லை. விழுந்ததை எழுப்ப அரைமணி ஆகலாம், ஒருமணியும் ஆகலாம். ராஸ்கோவின் இளித்த முகம் கண்முன் தோன்றிற்று.

“காத்தாத்தான் இருக்கும்,” என்று தம் வாயே சொல்லக் கேட்டுத் திடுக்கிட்டார்.

வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டு, டோரீனை அழைத்தார்.

“ஒரு மாடு விழுந்துடுச்சு, டோரீன். இறங்கிப் பாக்கப்போறேன். லேட்டாகும். ரூட்டை ராஸ்கோவுக்கே குடுத்துடச் சொல்லு.”