காய்ச்சலுக்கு ஆதாரம்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில், வெர்னெலும் நானும் பல வருஷம் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடித்தவர்கள். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். காரணம் கடைசியில்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அரசாங்க உதவித்தொகை நின்றுபோன அந்தப் பனிக்காலக் காலையில், வெர்னெல் கண்ணீர் மல்க...'

அவளுக்கே படித்துக் காட்டினேன்.

"யாரு அழுதா? பஸ் வர்றதுக்குள்ள பிள்ளைய கிளப்பணும். அழ எங்கடா நேரம்?"

அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.

2

நடந்தது இதுதான். ஏழைத் தாய்மார்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையை விட்டு வெர்னெல் வேலைக்கு வந்த புதிது. மகளுக்குக் காய்ச்சல். போனில் சொல்லியிருந்தால் போதும். வெர்னெலோ குழந்தையைப் போர்வையில் சுற்றி, இரண்டு பஸ் மாறித் தூக்கிவந்து, மேற்பார்வையாளர் ஸ்டென் முன்னால் நிறுத்தினாள்.

"தொட்டுப் பாருங்க சார், சுடுது."

"இங்க எதுக்கும்மா தூக்கிட்டு வந்தே?"

"பாக்காம எப்படி நம்புவீங்க?"

உதவித்தொகை அலுவலகத்தில் அவளுக்கு அப்படித்தான் பழக்கம். வாடகைக்கு ஆதாரம், வறுமைக்கு ஆதாரம், வீட்டில் ஆண் இல்லை என்பதற்கும் ஆதாரம். ஸ்டென் சிரித்தார். வீட்டுக்கு அனுப்பினார். ஆனாலும் வராத நாளாகவே குறித்தார். அப்படி மூன்று சேர்ந்தால் வேலை போய்விடும்.

3

[அந்த வேலையும் அவளுக்கு நிலைக்கவில்லை. ஏனென்றால்...]

இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். கூட வந்த பலருக்கு நிலைக்கவில்லைதான். வெர்னெலோ பக்கத்து வீட்டுக்காரியோடு ஒப்பந்தம் போட்டாள்: அவளுக்குப் பகல் வேலை, இவளுக்கு மாலை வேலை, பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வது. இன்று ஸ்டென்னின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் வெர்னெல்தான். இதை வியக்காமல் எழுத எனக்குத் தெரியவில்லை. விமர்சகர்கள் மன்னிக்க வேண்டாம்.

4

அண்மையில் வெர்னெலுக்குக் கீயானாவிடமிருந்து போன் வந்தது. அவளும் உதவித்தொகையை விட்டுப் புதிதாய் வந்தவள். வராத நாள் ஏற்கெனவே இரண்டு.

"மகன் வாந்தி எடுக்கிறான் மேடம். வேணும்னா கூட்டிட்டு வந்து காட்டறேன்."

வெர்னெல் போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். குறித்தால் கீயானாவுக்கு வேலை போகும். குறிக்காதது மேலிடத்துக்குத் தெரிந்தால் இவளுக்கே போகும்.

முடிவு அ: விதி விதிதான் என்று குறித்தாள்.

முடிவு ஆ: "கூட்டிட்டு வராத கண்ணு. அவன் பக்கத்துலயே..."

"முடிவ எழுதிராத," என்றாள் வெர்னெல். "மேல இருக்கறவங்களும் படிப்பாங்க."

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. கீயானா இன்றைக்கும் என் எதிரே நின்று விரிப்பு மடிக்கிறாள். அதற்கு மேல் என்னிடம் ஆதாரம் கேட்காதீர்கள்.